லினக்ஸில் ப்ளூடூத் அடாப்டரின் சென்ட்ரல், பெரிஃபெரல் ரோல் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ளூடூத் ஹெட்செட் விட்டுவிட்டுக் கேட்கிறது, மவுஸைச் சேர்த்ததும் பாட்டு திக்குகிறது, போனிலிருந்து கணினிக்கு இணைப்பு வந்த வேகத்திலேயே அறுந்துபோகிறது. இப்படிப்பட்ட புகார்களில் ஒரு பகுதிக்குக் காரணம் அடாப்டர் எந்த ரோலில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். இன்னொரு பகுதிக்கும் ரோலுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் ரோல் மேல்தான் பழி விழுகிறது. இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதற்காகத்தான் இந்தப் பக்கம். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ரோல் என்று எதைச் சொல்கிறார்கள்?

இரண்டு ப்ளூடூத் சாதனங்கள் பேசிக்கொள்ளும்போது ஒன்று தாளம் போடும், மற்றது அந்தத் தாளத்துக்கு ஒத்துப்போகும். தாளம் போடுவது சென்ட்ரல், ஒத்துப்போவது பெரிஃபெரல். கிளாசிக் ப்ளூடூத் (ஹெட்செட்டில் பாட்டு கேட்கும் வழக்கமான வகை) 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 79 சேனல்களுக்குள் வினாடிக்கு 1600 முறை தாவிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தாவலுக்கும் 625 மைக்ரோவினாடிதான் நேரம். எந்த நொடியில் எந்த சேனல் என்பதை சென்ட்ரலின் கடிகாரமும் முகவரியும் தீர்மானிக்கின்றன. யார் எப்போது வாயைத் திறக்கலாம் என்பதும் அதே கடிகாரத்தை வைத்துத்தான்.

யார் சென்ட்ரல் ஆவது என்பதற்கு விதி எளிது: யார் கூப்பிட்டாரோ அவர் சென்ட்ரல். நீங்கள் கணினியில் கனெக்ட் அழுத்தினால் கணினி சென்ட்ரல். ஹெட்செட்டை ஆன் செய்ததும் அதுவே பழைய ஞாபகத்தில் கணினியைத் தேடி வந்து ஒட்டிக்கொண்டால் ஹெட்செட்தான் சென்ட்ரல், கணினி பெரிஃபெரல். நடுவில் இரண்டு பக்கமும் பேசி மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, அதற்குப் பெயர் ரோல் ஸ்விட்ச். கிளாசிக் ப்ளூடூத் சிக்கல்களில் பாதி இந்த ஒரு பத்திக்குள் அடங்கிவிடும், அதனால் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டு மேலே படியுங்கள்.

என் லேப்டாப்தான் பாட்டை அனுப்புகிறது. அப்படியென்றால் லேப்டாப்தானே சென்ட்ரல்?

அப்படி இருக்க வேண்டும் என்றில்லை. அதிகம் பேர் குழம்பும் இடம் இதுதான். பாட்டை அனுப்புவது சோர்ஸ், வாங்குவது சிங்க். இவை ஏ2டிபி என்ற ப்ரொஃபைலுக்குள், அதாவது பாட்டைக் கடத்துவதற்கான விதித்தொகுப்புக்குள் வரும் ரோல்கள். சென்ட்ரல், பெரிஃபெரல் என்பவை அதற்குக் கீழே, ரேடியோ இணைப்பின் மட்டத்தில் இருப்பவை. ஒன்று மற்றதைக் கட்டுப்படுத்தாது. லேப்டாப் சோர்ஸாகவும் பெரிஃபெரலாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம், பாட்டு சுத்தமாகவே கேட்கும்.

ஆகவே புகாரை முதலில் வகைப்படுத்துங்கள். இணைப்பு நிற்கிறது ஆனால் சத்தமே வரவில்லை, அல்லது சத்தம் போக வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் போகிறது என்றால் அது ப்ரொஃபைல் விவகாரம், கீழே தனிக் கேள்வியாக இருக்கிறது. சத்தம் வருகிறது, ஆனால் இன்னொரு சாதனம் சேர்ந்தவுடன் வெட்டுகிறது என்றால் ரேடியோ ரோலைப் பாருங்கள்.

இந்த நிமிடம் என் அடாப்டர் எந்த ரோலில் இருக்கிறது? எப்படிப் பார்ப்பது?

ஹெச்சிஐடூல் கான் என்று தட்டுங்கள். இது பழைய கருவி; லினக்ஸின் ப்ளூடூத் மென்பொருளான ப்ளூஸீ திட்டம் 5.44 பதிப்பிலேயே இதைக் கைவிடும் பட்டியலில் போட்டுவிட்டது. ஆனாலும் இந்த ஒரு வேலைக்கு இதைவிட வேகமான வழி இல்லை. ஆர்ச், ஃபெடோரா போன்றவற்றில் டெப்ரிகேட்டட் என்று பெயரில் வரும் தனித் தொகுப்பில் இருக்கும், அதை நிறுவிக்கொள்ள வேண்டும். வெளியீடு கிட்டத்தட்ட இப்படி வரும்:

> ஏசிஎல் முகவரி ஹேண்டில் 12 ஸ்டேட் 1 எல்எம் பெரிஃபெரல் ஆத் என்கிரிப்ட்

இரண்டே இடங்களைப் பாருங்கள். வரியின் தொடக்கத்தில் உள்ள அம்புக்குறி, அப்புறம் எல்எம் என்பதற்குப் பின்னால் வரும் சொல். அம்புக்குறி வலப்பக்கம் பார்த்தால் (>) இணைப்பு வெளியிலிருந்து வந்தது, இடப்பக்கம் பார்த்தால் (<) நம் கணினி கூப்பிட்டது. எல்எம்முக்குப் பின்னால் வருவது நம் கணினியின் இப்போதைய ரோல், எதிரில் உள்ள சாதனத்துடையது அல்ல. அம்புக்குறி இணைப்பு முடியும்வரை மாறாது, ரோல் மாறலாம். அதனால் வலப்பக்கம் பார்க்கும் அம்போடு சென்ட்ரல் என்று எழுதியிருந்தால், ஹெட்செட் கூப்பிட்டது, பிறகு ரோல் ஸ்விட்ச் நடந்து கணினி சென்ட்ரல் ஆனது என்று அர்த்தம். ஒற்றை வரியில் இந்த இணைப்பின் வரலாறே இருக்கிறது.

ஏசிஎல் என்றால் கிளாசிக் இணைப்பு. அந்த இடத்தில் எல்ஈ என்று இருந்தால் அது லோ எனர்ஜி, அதாவது குறைந்த மின்சாரத்தில் ஓடும் இன்னொரு வகை ப்ளூடூத் இணைப்பு, அதற்கு விதிகள் வேறு.

சில கணினிகளில் மாஸ்டர், ஸ்லேவ் என்று வருகிறதே?

அதே ரோல்கள்தான். 2021இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து ப்ளூடூத் விவரக்குறிப்பு சென்ட்ரல், பெரிஃபெரல் என்ற சொற்களுக்கு மாறியது, லினக்ஸ் கருவிகளும் பின்னாலேயே மாறின. பழைய ப்ளூஸீ வைத்திருந்தால் பழைய சொற்கள் வரும், கட்டளைகளிலும் அவற்றையே கொடுக்க வேண்டும்.

ஹெட்செட் மட்டும் இருந்தால் பிரச்சினை இல்லை. மவுஸையோ கீபோர்டையோ சேர்த்தவுடன் பாட்டு வெட்டுகிறது. ஏன்?

ரோல் சிக்கல் என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். ஒரு சென்ட்ரலும் அதைச் சுற்றியுள்ள பெரிஃபெரல்களும் சேர்ந்தது ஒரு பிக்கோநெட். கணினி சென்ட்ரலாக இருந்து ஹெட்செட், மவுஸ், கீபோர்டு மூன்றும் அதன் கீழே இருந்தால் ஒரே கடிகாரம், எல்லாருக்கும் முறை வைத்து நேரம் பிரித்துக் கொடுக்கலாம்.

இப்போது ஹெட்செட் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டு சென்ட்ரலாகவே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கணினி ஹெட்செட்டின் பிக்கோநெட்டில் பெரிஃபெரல், அதே நேரத்தில் மவுஸுக்கு சென்ட்ரல். இரண்டு பிக்கோநெட், இரண்டு கடிகாரம், ரேடியோ ஒன்று. இந்த அமைப்புக்கு ஸ்கேட்டர்நெட் என்று பெயர். இரண்டு கடிகாரங்களும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை என்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதெல்லாம் சில ஸ்லாட்டுகள் (அந்த 625 மைக்ரோவினாடித் துண்டுகள்) வீணாகும். மவுஸ் அனுப்புவது துளித்துளி தகவல், ஒரு ஸ்லாட் தவறினால் மறுபடி அனுப்பிக்கொள்ளும், யாருக்கும் தெரியாது. ஆடியோவுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஹெட்செட்டின் பஃபர் காலியானால் காதில் வெட்டு விழுந்துவிடும். நல்ல சிப்பும் நல்ல ஃபர்ம்வேரும் இதைச் சமாளித்துவிடும், மலிவான அடாப்டர்கள் பல திணறும்.

சோதிப்பது எளிது. சாதனங்கள் எல்லாம் இணைந்திருக்கும்போது ஹெச்சிஐடூல் கான் பாருங்கள். சில வரிகளில் சென்ட்ரல், சில வரிகளில் பெரிஃபெரல் என்று கலந்து வந்தால் ஸ்கேட்டர்நெட் உறுதி. ஹெட்செட்டை மட்டும் துண்டித்துவிட்டு, ப்ளூஸீயோடு வரும் ப்ளூடூத்சிடிஎல் என்ற கட்டளைக் கருவியில் கனெக்ட் கொடுத்துக் கணினியிலிருந்தே கூப்பிடுங்கள். எல்லா வரியும் சென்ட்ரல் ஆகிவிட்டதா, வெட்டு நின்றுவிட்டதா? இரண்டுக்கும் ஆம் என்றால் காரணம் பிடிபட்டுவிட்டது. ரோல் சரியாகியும் வெட்டு தொடர்ந்தால் ரோலை விட்டுவிட்டு இந்தப் பக்கத்தின் கடைசிக் கேள்விகளுக்குப் போங்கள்.

துண்டிக்காமலேயே ரோலை மாற்ற முடியுமா?

முடியும், கிளாசிக் இணைப்பில் மட்டும். ரூட் அனுமதியோடு ஹெச்சிஐடூல் எஸ்ஆர், பிறகு சாதனத்தின் முகவரி, பிறகு வேண்டிய ரோல். பிறகு மறுபடி ஹெச்சிஐடூல் கான் கொடுத்து மாறியதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள், கட்டளை சத்தமில்லாமல் முடிந்ததை மட்டும் நம்பாதீர்கள்.

கொடுத்தேன், மறுத்துவிட்டது. ஏன்?

மூன்று காரணங்களைப் பாருங்கள்.

அழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறதா? மைக்கோடு பேசும்போது எஸ்சிஓ அல்லது ஈஎஸ்சிஓ என்ற குரல் இணைப்பு திறந்திருக்கும், அது இருக்கும்வரை ரோல் ஸ்விட்ச் நடக்காது. மீட்டிங்கை முடித்துவிட்டு முயலுங்கள்.

லிங்க் பாலிசியில் ரோல் ஸ்விட்ச் அனுமதி இருக்கிறதா? ஹெச்சிஐகான்ஃபிக் மைனஸ் ஏ கொடுத்தால் லிங்க் பாலிசி என்ற வரி வரும், அதில் ஆர்ஸ்விட்ச் இருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட இணைப்புக்கு மட்டும் பார்க்கவும் மாற்றவும் ஹெச்சிஐடூல் எல்பி இருக்கிறது.

எதிர்ச்சாதனமே ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம். அப்போது 0எக்ஸ்21 என்ற பிழை எண் வரும், ரோல் மாற்ற அனுமதி இல்லை என்று பொருள். 0எக்ஸ்35 வந்தால் முயற்சி நடந்து தோற்றது என்று பொருள். வாட்ச், இயர்பட்ஸ் என்று தனக்குக் கீழே ஏற்கனவே சாதனங்கள் வைத்திருக்கும் போன் சென்ட்ரல் இடத்தை விட்டுக்கொடுக்க மறுப்பது நியாயமும்கூட, அதற்கும் அதே ஸ்கேட்டர்நெட் தலைவலி இருக்கிறது. கணினியில் அந்த ஒரு இணைப்பு மட்டும்தான் என்றால் போனையே சென்ட்ரலாக விட்டுவிடுங்கள். ஒற்றை இணைப்பில் யார் சென்ட்ரல் என்பதால் பயனருக்கு ஒன்றும் ஆகிவிடாது.

2.1 பதிப்புக்கு முந்தைய, அதாவது 2007க்கு முந்தைய காலத்துச் சாதனம் என்றால் இன்னொரு சிக்கல்: என்கிரிப்ஷன் ஓடும்போது ரோல் மாற்ற அதை முழுதாக நிறுத்த வேண்டும். 2.1இல் தான் என்கிரிப்ஷனை இடைநிறுத்தித் தொடரும் வசதி வந்தது. அவ்வளவு பழைய ஹெட்செட்டோடு ரோலுக்காகப் போராடாதீர்கள், துண்டித்துக் கணினியிலிருந்து கூப்பிடுவதே வழி.

ஒவ்வொரு முறையும் கையால் செய்ய முடியாது. நிரந்தரமாக்க என்ன வழி?

வெளியிலிருந்து இணைப்பு வரும்போது அதை ஏற்கும் கணினி, ஏற்கும் பதிலிலேயே நான் சென்ட்ரல் ஆகிறேன் என்று சொல்ல முடியும். கர்னலிடம் அதைச் சொல்ல ஹெச்சிஐகான்ஃபிக், ஹெச்சிஐ0, எல்எம் என்று எழுதி, அதோடு அக்செப்ட், சென்ட்ரல் இரண்டையும் காற்புள்ளியால் சேர்த்துக் கொடுக்க வேண்டும், இடைவெளி விடாமல். பழைய பதிப்பில் சென்ட்ரலுக்குப் பதில் மாஸ்டர். அக்செப்ட் சொல்லை மறந்துவிடாதீர்கள். இது புதிதாக வரும் இணைப்புகளுக்குத்தான் பொருந்தும், ஏற்கனவே இருப்பவற்றைத் தொடாது.

அடாப்டரைப் பிடுங்கிச் செருகினாலோ கணினியை மறுபடி துவக்கினாலோ இந்த அமைப்பு போய்விடும். ஆகவே ப்ளூடூத் சேவை துவங்கிய பிறகு ஓடும்படி சிறிய சிஸ்டம்டி யூனிட் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். யூஎஸ்பி அடாப்டரை அடிக்கடி கழற்றுபவர்களுக்கு யூடெவ் விதி பொருத்தம்.

சில ஹெட்செட்டுகள் நாம் சென்ட்ரல் ஆன பிறகு மறுபடி ரோலைப் பிடுங்கிக்கொள்ளும். அப்படிப்பட்டவற்றுக்கு, ரோல் நமக்குச் சாதகமாக இருக்கும் நேரம் பார்த்து ஹெச்சிஐடூல் எல்பி மூலம் அந்த இணைப்பின் பாலிசியிலிருந்து ஆர்ஸ்விட்ச்சை எடுத்துவிட்டு ஸ்னிஃப்பை (சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் முறை) மட்டும் வைத்துவிடுங்கள். பிறகு அது கேட்டாலும் நம் சிப் மறுத்துவிடும். ஸ்னிஃப்பையும் சேர்த்து எடுத்துவிட்டால் பேட்டரி வேகமாகத் தீரும்.

யார் கேட்டு யார் மறுக்கிறார்கள் என்று நேரில் பார்க்க வழி உண்டா?

பிடிமான், கர்னலுக்கும் ப்ளூடூத் சிப்புக்கும் நடுவில் நடக்கும் பேச்சை அப்படியே காட்டும் கருவி. இதை ஓடவிடாமல் ரோல் சிக்கலைத் தீர்க்க முயல்வது வீண் அலைச்சல் என்பது என் உறுதியான கருத்து. ரூட்டாக பிடிமான் ஓடவிட்டு, இன்னொரு ஜன்னலில் ஹெட்செட்டை இணையுங்கள். ஓடும் வரிகளில் மூன்று இடங்களைத் தேடுங்கள். கனெக்ட் ரிக்வெஸ்ட் என்று வந்தால் வெளியிலிருந்து அழைப்பு. அடுத்து அக்செப்ட் கனெக்ஷன் ரிக்வெஸ்ட், அதற்குள்ளே ரோல் என்ற வரியில் கர்னல் என்ன பதில் சொன்னது என்று இருக்கும்: 0எக்ஸ்00 என்றால் நான் சென்ட்ரல் ஆகிறேன், 0எக்ஸ்01 என்றால் பெரிஃபெரலாகவே இருந்துகொள்கிறேன். பிறகு ரோல் சேஞ்ச் என்ற நிகழ்வு, அதில் வெற்றியா தோல்வியா என்று ஸ்டேட்டஸ்.

கர்னல் 0எக்ஸ்00 கேட்டும் ரோல் சேஞ்ச் தோல்வி என்றால் தடை ஹெட்செட்டிலோ சிப்பிலோ இருக்கிறது. கர்னல் கேட்கவே இல்லை என்றால் உங்கள் அமைப்பைத் திருத்தினால் போதும். அந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே வேலை பாதி குறையும்.

லோ எனர்ஜி சாதனத்துக்கு எஸ்ஆர் கட்டளை வேலை செய்யவில்லையே?

செய்யாது. லோ எனர்ஜியில் உயிரோடு இருக்கும் இணைப்பின் ரோலை மாற்ற வழியே வைக்கவில்லை. விளம்பரம் செய்து, அதாவது இங்கே இருக்கிறேன் என்று அறிவித்துக் காத்திருந்தது பெரிஃபெரல், அதைப் பார்த்துக் கூப்பிட்டது சென்ட்ரல், இணைப்பு முடியும்வரை அப்படியே. மாற்ற வேண்டுமானால் துண்டித்து, மற்றது விளம்பரம் செய்து, இது கூப்பிட வேண்டும்.

உங்கள் அடாப்டரால் என்ன முடியும் என்பதை ப்ளூடூத்சிடிஎல் ஷோ காட்டும். ரோல்ஸ் என்ற வரிகளைப் பாருங்கள்: சென்ட்ரல், பெரிஃபெரல், சென்ட்ரல்-பெரிஃபெரல் என்று வரலாம். கடைசிச் சொல்லும் இருந்தால் இரண்டு ரோலையும் ஒரே நேரத்தில் தாங்கும். ப்ளூடூத் 4.0 இதை அனுமதிக்கவில்லை, 2013இல் வந்த 4.1இல் தான் அனுமதித்தார்கள், ஆகவே பழைய அடாப்டரில் அந்தச் சொல் இல்லையென்றால் வியப்பில்லை. சென்சார்களைப் படித்துக்கொண்டே போனுக்கும் சேவை கொடுக்க நினைப்பவர்கள் நிரல் எழுதத் தொடங்கும் முன்பே இந்த வரியைப் பார்த்துவிடுவது நல்லது.

கணினியையே பெரிஃபெரலாக்கி போனிலிருந்து இணைக்கிறேன். இணைந்தாலும் என் சேவைகள் தெரிவதில்லை.

ப்ளூடூத்சிடிஎல்லில் அட்வர்டைஸ் ஆன் கொடுத்து விளம்பரம் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடுகிறது, போனும் இணைகிறது, ஆனால் ஹெச்சிஐடூல் கானில் எல்ஈக்குப் பதில் ஏசிஎல் என்று வருகிறது என்றால், போன் கிளாசிக் வழியாக வந்துவிட்டது. ஒரே முகவரியில் இரண்டும் இருக்கும் அடாப்டரில் இது சாதாரணம். ஈடிசி அடைவுக்குள் இருக்கும் ப்ளூடூத் அடைவில், மெயின் டாட் கான்ஃப் கோப்பின் ஜெனரல் பகுதியில் கன்ட்ரோலர்மோட் என்பதை எல்ஈ என்று வைத்து, சேவையை மறுபடி துவக்குங்கள். ஏ2டிபி ஹெட்செட் அந்த அடாப்டரில் அதன்பின் வேலை செய்யாது, இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு அடாப்டர் வையுங்கள்.

ப்ரொஃபைல் அன்அவெய்லபிள் என்று சொல்லி இணைப்பு தோற்கிறது. இதுவும் ரோல்தானா?

ரோல்தான், ஆனால் ரேடியோ ரோல் இல்லை. ப்ளூடூத்சிடிஎல் ஷோ கொடுத்து யூயூஐடி பட்டியலை, அதாவது கணினி தரும் சேவைகளின் பட்டியலைப் படியுங்கள். ஹெட்செட்டுக்குப் பாட்டு அனுப்ப உங்கள் கணினியில் ஆடியோ சோர்ஸ் இருக்க வேண்டும். போனிலிருந்து பாட்டை வாங்க ஆடியோ சிங்க் இருக்க வேண்டும். இவற்றைப் பதிவு செய்வது ப்ளூஸீ இல்லை, பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ. பட்டியலில் இல்லையென்றால் ஒலிச் சேவை ஓடவில்லை, அல்லது அதன் ப்ளூடூத் பகுதி நிறுவப்படவில்லை. டெபியன் வகைகளில் பைப்வயருக்கான ப்ளூடூத் பகுதி லிப்ஸ்பா என்று தொடங்கும் தனித் தொகுப்பில் வருகிறது, அதை நிறுவாமல் விட்டுவிடுவது மிகச் சாதாரணம்.

எந்த ஆடியோ ரோல்களைப் பதிவு செய்வது என்பதை பைப்வயரை நிர்வகிக்கும் ஒயர்பிளம்பரின் அமைப்பில் ப்ளூஸீ5 டாட் ரோல்ஸ் தீர்மானிக்கிறது. ஒயர்பிளம்பர் 0.5 பதிப்பிலிருந்து லுவா அமைப்புக் கோப்புகள் செல்லாது, கோப்பின் வடிவமே மாறிவிட்டது. பழைய குறிப்பைப் பார்த்து ஒட்டிய அமைப்பு எந்தப் பலனும் தராமல் கிடந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

பேரிங்கை அழித்துவிட்டு மறுபடி செய்தால் ரோல் சரியாகுமா?

சாவி கெட்டுப்போயிருந்தால் அது பயன்படும். ரோலுக்குப் பயன்படாது, ஏனென்றால் பேரிங்கில் ரோல் சேமிக்கப்படுவதே இல்லை. ஒவ்வொரு இணைப்பிலும் புதிதாகத்தான் தீர்மானமாகிறது. அழித்துச் செய்ததும் சரியானதுபோலத் தோன்றுவதற்குக் காரணம், அந்த ஒரு முறை கணினியிலிருந்து நீங்கள் கூப்பிட்டீர்கள் என்பதுதான். அடுத்த நாள் ஹெட்செட் தானாக வந்து இணையும்போது பழைய கதை திரும்பும்.

இரண்டு அடாப்டர் இருக்கும் கணினியில் எது எதைப் பிடிக்கிறது?

ப்ளூடூத்சிடிஎல் லிஸ்ட் கொடுத்து இரண்டையும் பாருங்கள், செலக்ட் கொடுத்து வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள். பேரிங் சாவிகள் அடாப்டரின் முகவரியோடு கட்டப்பட்டவை, ஒன்றில் பேர் செய்தது மற்றதில் செல்லாது. ஆடியோவை ஒன்றிலும் மவுஸ், கீபோர்டை இன்னொன்றிலும் பிரித்து வைத்தால் ஸ்கேட்டர்நெட் பிரச்சினை ரோலைத் தொடாமலேயே தீர்ந்துவிடும். ரோல் ஸ்விட்ச்சை ஒழுங்காகச் செய்யாத சிப்போடு மல்லுக்கட்டுவதைவிட இது நல்ல வழி.

எத்தனை சாதனம் வரை ஒரே அடாப்டரில் இணைக்கலாம்?

கிளாசிக்கில் ஒரு சென்ட்ரலின் கீழே 7 செயல்படும் பெரிஃபெரல்கள், முகவரிக்கு 3 பிட் மட்டுமே என்பதால். லோ எனர்ஜியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, சிப்பைப் பொறுத்தது.

ரோல் எல்லாம் சரியாக இருக்கிறது, இன்னும் வெட்டுகிறது.

அப்படியானால் ரேடியோவையே பாருங்கள். யூஎஸ்பி 3 போர்ட்டுகளும் அவற்றில் செருகிய டிஸ்க்குகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும். அடாப்டரை ஒரு சிறிய நீட்டிப்பு கேபிளில் போட்டு அவற்றிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள். வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே சிப்பில் இருந்தால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். சும்மா இருந்துவிட்டு முதலில் தொடும்போது மட்டும் தடுமாறுகிறது என்றால் பிடியூஎஸ்பி மாட்யூலின் எனேபிள் ஆட்டோசஸ்பெண்ட் அமைப்பை என் (வேண்டாம் என்பதற்கான ஆங்கில எழுத்து) என்று வைத்துச் சோதியுங்கள்.

அப்புறம் கர்னல் பதிவைக் காட்டும் டிமெசேஜ் (டி-எம்-ஈ-எஸ்-ஜி என்று தட்ட வேண்டும்) கொடுத்து, சிப்புக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் ஏறியதா என்று பாருங்கள். ஃபர்ம்வேர் கோப்பு இல்லாத அடாப்டரும் ஓரளவுக்கு எழுந்து நின்று, இணைந்து, பிறகு விசித்திரமாக நடந்துகொள்ளும். சிஎஸ்ஆர் சிப் என்று சொல்லிக்கொண்டு வரும் போலி அடாப்டர்களும் ஏராளம், அவற்றுக்காகவே லினக்ஸ் டிரைவரில் தனி மாற்றுவழிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். டிமெசேஜில் சிஎஸ்ஆர் க்ளோன் என்று வரி கண்டால், தான் செய்வதாக அறிவிக்கும் கட்டளைகளையே அந்தச் சிப் ஒழுங்காகச் செய்யாமல் போகலாம், ரோல் ஸ்விட்ச்சும் அதில் அடக்கம். அதற்கு அமைப்புக் கோப்பில் மருந்து கிடையாது, வேறு அடாப்டர் வாங்குங்கள்.

உதவி கேட்கப்போகிறேன். எதையெல்லாம் சேர்த்து அனுப்ப வேண்டும்?

கர்னல் பதிப்பு, ப்ளூஸீ பதிப்பு, எல்எஸ்யூஎஸ்பியில் அடாப்டருக்கு வரும் அடையாள எண், டிமெசேஜில் ப்ளூடூத் வரிகள், சிக்கல் நடக்கும் நேரத்தில் எடுத்த ஹெச்சிஐடூல் கான் வெளியீடு. எல்லாவற்றுக்கும் மேலாக, பிடிமானை மைனஸ் டபிள்யூ கொடுத்துக் கோப்பில் பதிந்தது. பதிவைச் சாதனம் இணைவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள், நடுவில் தொடங்கினால் யார் கூப்பிட்டது என்பதே அதில் இருக்காது. அந்தப் பதிவில் பேரிங் சாவிகளும் முகவரிகளும் இருக்கும், அதனால் பொதுவெளியில் போடுவதாக இருந்தால் வேலை முடிந்த பிறகு அந்தச் சாதனங்களை அழித்துப் புதிதாகப் பேர் செய்துகொள்ளுங்கள்.